மிதக்கும் நாற்காலி

"சளி, மூக்கடைப்பு எதுவும் இல்லையே?" என்று கேட்டுவிட்டு, பல் டாக்டர், மாமியாரின் மூக்கின் மேல் சின்ன மாஸ்க்கைப் பொருத்தினாள். "இந்த மாஸ்க்ல வர்ற கேஸ் தூங்க வைக்காதும்மா. பயத்தைப் போக்கி உடம்பை லேசாக்கும், அவ்வளவுதான். மூக்காலேயே நிதானமா மூச்சு விடுங்க."

மாமியார் பக்கத்தில் நின்ற மருமகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இருவரும் முகம் கொடுத்துப் பேசி ஒரு மாதம் ஆகிறது. மகனும் மருமகளும் நாளைக்குத் தனிக்குடித்தனம் போகிறார்கள்.

மாமியார் கண்களை மூடினாள். தலைக்கு மேல் எரிந்த விளக்கு இமைக்குள் நிலாவாகக் கரைந்தது.

"மிதக்கிறேன்டி" என்றாள் மெதுவாக. "கீழே நம்ம வீடு தெரியுது. நீ சமையலறையில பாடிக்கிட்டே வேலை செய்யறே. சகிக்கல."

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது.

"ஆனா அந்தச் சத்தம் இல்லாத வீட்டுல நான் எப்படி இருப்பேன்? தப்பெல்லாம் என் மேலதான். போகாதேடி."

மருமகள் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"கேஸ் நல்லாவே வேலை செய்யுது டாக்டர். நிதானத்துல இருந்தா அத்தை வாயில இதெல்லாம் வருமா?"

டாக்டர் அப்போதுதான் சிலிண்டரின் குமிழில் கை வைத்தாள்.

"கேஸா? இன்னும் திறக்கவே இல்லையே. எடுத்ததும் கொடுக்க மாட்டோம். இவ்வளவு நேரம் போனது வெறும் ஆக்சிஜன்தான்."

மாமியார் கண்ணைத் திறக்கவில்லை. மருமகளின் கையையும் விடவில்லை.

"சீக்கிரம் திறந்து விடுங்க டாக்டர்" என்றாள்.