நாலு சாண் பெட்டி

பனி கொட்டும் அந்த நாட்டுக்குச் சமையல் வேலைக்கு வந்திருந்த தங்கபுஷ்பம், எதிர்வீட்டில் இருக்கும் குப்பை லாரி ஓட்டுகிறவளின் கைக்குழந்தையைப் பார்க்கப் போன இடத்தில் திகைத்துப்போனாள். தன் முதலாளியம்மா சிந்துஜாவின் குழந்தை தூங்கும் பெட்டியைப் போன்ற அட்டைப்பெட்டியில்தான் அதுவும் தூங்கியது. அதே மெத்தை, அதே குல்லாய். வீட்டுக்கு ஓடிவந்தாள்.

“ஏம்மா, நம்ம பெட்டி மாதிரியே அங்கயும் ஒண்ணு இருக்கு. நீங்களா வாங்கிக் குடுத்திய?”

சிந்துஜா சிரித்தாள். “நான் யாரு குடுக்க, அக்கா? இங்க எந்தப் பிள்ள பொறந்தாலும் சர்க்கார் ஒரு பெட்டி அனுப்பும். எங்க சம்பளத்துல பாதி வரியாப் போறது பின்ன எதுக்கு?”

“அவளுக்குக் குடுக்காவ, சரி. ஒங்களுக்குமா?”

“எல்லாருக்கும் ஒரே பெட்டிதான்க்கா.”

தங்கபுஷ்பம் நம்பவில்லை. லாரிக்காரிக்கு ஒரு விரற்கடையாவது குறைத்திருப்பார்கள். வீட்டுப் பெட்டியைச் சாண் போட்டு அளந்தாள். நீளம் நாலு, அகலம் இரண்டு. விரித்த கையை மடக்காமலே பனியில் நடந்துபோய் அங்கேயும் அளந்தாள். லாரிக்காரி ஒன்றும் புரியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விலகி நின்றாள். நாலு. இரண்டு. தங்கபுஷ்பம் சந்நிதியில் நிற்பவள்போல அங்கேயே நின்றாள்.

அன்றைக்கே ஊருக்கு போன் போட்டாள். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் மகளுக்கு அது எட்டாம் மாதம்.

“தரையில நாலு சாண் நீளம், ரெண்டு சாண் அகலத்துக்கு ஒரு கட்டம் போடு, தாயி.”

“எதுக்கும்மா?”

“போடேன்.”

மகள் மூச்சுவாங்கக் குனிவது கேட்டது. பிறகு சிமெண்டுத் தரையில் சாக்பீஸ் உரசும் சத்தம்.

“போட்டுட்டேன். இதுக்குள்ள என்னத்த வைக்க?”