கல் பட்ட புல்வெட்டி

புல்வெட்டி கல்லில் மோதி அறுபத்தெட்டு மணி நேரமாகிறது. கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மாட்டுப்பண்ணை ஷெட்டில், டிராக்டரின் பக்கவாட்டில் நீண்டு கிடக்கும் அதன் வெட்டுச்சட்டத்தை மெக்கானிக் ஜெயசீலன் பாஸ் சுத்தியலால் தட்டி நிமிர்த்துகிறார். பண்ணையின் பயிற்சி உத்தியோகத்தர் தர்ஷிகா, கத்திகளைப் பொருத்தும் புதுத் தறையாணிகள் கிடக்கும் தகரடப்பாவோடு பக்கத்தில் நிற்கிறாள். பனிமூட்டம் வாசல்வரை வந்திருக்கிறது. வளைந்த பற்களில் காய்ந்த புல் இன்னும் ஒட்டியிருக்கிறது. "கண்ண வீட்டுல கழட்டி வச்சிட்டா வந்தீங்க?" என்று பாஸ் டிரைவர் யோகநாதனைக் கேட்கிறார். யோகநாதன் கத்திப்பட்டையை முன்னும் பின்னும் மெல்ல இழுத்துப் பார்க்கிறார். மூன்றாம் பல்லருகே அது சிக்குகிறது. "புல்லுக்குள்ள கல்லு இருந்தா, செவப்புத்துணி கட்டி ஒரு குச்சி நட்டு வைப்பேன் பாஸ். இந்தத் தடவ மறந்துட்டேன் போல. வயசாகுதுல்ல. டிராக்டர் வேணாம், நாளையில இருந்து தேயிலக் கவ்வாத்து வெட்டப் போன்னுட்டாரு தொரை." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்க்கிறார். தர்ஷிகா டப்பாவைக் கீழே வைக்கிறாள். "நீங்க மறக்கலண்ணே," என்கிறாள். சுத்தியல் நிற்கிறது. "அன்னைக்குப் புல்லுவெளிய போட்டோ எடுக்கறப்ப, அசிங்கமா தெரியுதுன்னு அந்தக் குச்சிய நான்தான் புடுங்கிப் போட்டேன்."