எல்லாரும் நல்லாயிருக்குன்னாங்க

வாயில் வைத்த முதல் கரண்டியிலேயே நிருபருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

உப்பு! இது பூசணிக்காய் சூப்பா, கடல் தண்ணீரா?

சனி, ஞாயிறு வந்தால் ஊரில் எங்கே போகலாம், என்ன சாப்பிடலாம், என்ன படிக்கலாம் என்று வாராவாரம் பேப்பரில் ஒரு பக்கம் எழுதுகிறவர் அவர். இன்றைக்குப் புத்தகக் கடை மாடியில் சமையல் புத்தக வெளியீடு. எழுதிய அம்மாளே மேடையில் அடுப்பை வைத்துச் சமைத்துக் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை நூலகம், அதற்கடுத்த வாரம் ஒரு டீக்கடை என்று இன்னும் ஐந்து இடங்களில் இதே நிகழ்ச்சி. அங்கெல்லாம் கூட்டம் வருவதும் வராததும் இவர் எழுதப்போகும் நாலு வரியில்தான் இருந்தது.

பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்தவர், கடைசி வரிசையில் உட்கார்ந்தபடி சுற்றிலும் பார்த்தார்.

"அபாரம்!" என்றார் முன்வரிசைக்காரர், இருமிக்கொண்டே.

"இப்படி ஒரு சூப்பை நான் சாப்பிட்டதே இல்லம்மா!" என்றாள் ஒரு பெண்.

கைதட்டல் வேறு.

நிருபருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பாட்டு ரசிகர்களாம்! புத்தகத்தில் பெயர் அச்சாகிவிட்டால், எதைக் கலக்கிக் கொடுத்தாலும் வாயைப் பிளந்துகொண்டு குடிப்பார்களா?

எல்லாரையும் விட, கூட்டத்தில் இருந்த அந்த ஊர் பேக்கரிக்காரர்தான் நிருபரை ஆச்சரியப்படுத்தினார். ரொட்டி கொஞ்சம் கூடுதலாக வெந்துவிட்டால், சொந்தக் கடை மாஸ்டரையே நாலு பேர் முன்னால் காய்ச்சி எடுக்கிற மனுஷன். அவர் எழுந்து போய் இரண்டாவது கிண்ணம் வாங்கிக்கொண்டு வந்தார்.

நிருபர் அவரை மாடிப்படி ஓரமாக மடக்கினார்.

"உங்க நாக்குக்கு என்ன ஆச்சு சார்? மனசாட்சியோடதான் குடிக்கறீங்களா?"

"மெதுவாப் பேசுங்க."

"நான் உள்ளதை உள்ளபடி எழுதத்தான் போறேன்."

பேக்கரிக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தம்மாவுக்கு நாலு வருஷம் முன்னாடி ஒரு காய்ச்சல் வந்துச்சு. உசிர் பிழைச்சாங்க, நாக்கு போயிடுச்சு. உப்பு, புளிப்பு எதுவும் தெரியாது. அதுக்கப்புறம் ருசி பார்த்துச் சொன்னதெல்லாம் அவங்க வீட்டுக்காரர்தான்."

நிருபருக்கு அந்த மனிதரின் ஞாபகம் வந்தது. அந்த அம்மாளின் எந்தச் சமையல் நிகழ்ச்சியானாலும் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பார். ஒரு சொட்டை நாக்கில் விட்டு, அத்தனை பேர் முன்னாலும், "சப்புன்னு இருக்கு," "தூக்கிக் கொட்டு" என்பார். 'பெண்டாட்டியை மேடையில் மட்டம் தட்டும் மகாராஜா' என்று நிருபரே ஒருமுறை அவரைக் கிண்டலடித்து எழுதியிருந்தார்.

"அவர் இப்ப..."

"போய்ச் சேர்ந்து ரெண்டு மாசமாகுது. அவர் இல்லாம அந்தம்மா மேடை ஏறினது இன்னைக்குத்தான். பழக்கதோஷம், கரண்டியைப் பக்கத்துல நீட்டினாங்க. அங்க ஆள் இல்ல. என்ன செய்றோம்னு தெரியாம இன்னொரு பிடி உப்பை அள்ளிப் போட்டுட்டாங்க."

நிருபர் மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு மொதல்லயே பயம். அதான் வாசல்ல நின்னு வர்றவங்ககிட்டல்லாம் சொல்லி வச்சேன். எப்படி இருந்தாலும் நல்லாயிருக்குன்னு சொல்லுங்கன்னு. நீங்கதான் லேட்டா வந்துட்டீங்க."

கையெழுத்து வாங்க வரிசை நின்றது. நிருபரும் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு கடைசி ஆளாகப் போய் நின்றார். பேக்கரிக்காரர் பின்னாலேயே வந்தார்.

"நீங்க பேப்பர்ல எழுதறவர்தானே?" அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "சூப் எப்படி சார் இருந்துச்சு?"

"பிரமாதம்மா."

பேனா பாதிக் கையெழுத்தில் நின்றது.

"நீங்களும் அதையேதான் சொல்றீங்க. இத்தனை வருஷத்துல, ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரும் நல்லாயிருக்குன்னு சொன்னதே கிடையாது சார். அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பரவாயில்ல, சொல்லுங்க. உப்பு கூடிடுச்சா?"

நிருபர் பேக்கரிக்காரரைப் பார்த்தார். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"வாயில வைக்க முடியலம்மா" என்றார் நிருபர்.

பேக்கரிக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். அதுவரை சிரித்துக்கொண்டே இருந்த முகம் கோணியது. உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. மேஜை மேலிருந்த புத்தகத்திலேயே பொலபொலவென்று கண்ணீர் விழுந்தது.

"ஐயோ, மன்னிச்சுக்கங்கம்மா" என்று பதறினார் நிருபர். "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"இல்ல சார்." அவர் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு மாசமா எல்லாரும் என்கிட்ட நல்லவங்களாவே நடந்துக்கறாங்க. எங்க வீட்டுக்காரர் மாதிரி ஒருத்தர் பேசி, இன்னைக்குத்தான் கேட்கறேன்."