நீலக் கீறல்

“கார் பாலிஷ் போட புதுசா வந்த ஃபோம் பேடு இது. கெட்டியானது, கீறல உடனே எடுத்துடும். அது மெத்துனு இருக்கும், மெதுவாத்தான் எடுக்கும். எது வேணும்?” ஜாலான் புசார் கடைக்காரர் இரண்டையும் மேசையில் போட்டார்.

“முதலாளி வர்றதுக்குள்ள தடமே தெரியக் கூடாது, அண்ணே. பார்த்தா வேலை போயிடும். மனைவி வேற கால் ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கிறா.”

“அப்போ கெட்டிதான் லா.”

டிரைவர் சூசைராஜ் காசைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டான். சனிக்கிழமை தேக்கா சந்தையில் ஒரு நீல லாரியை ஒட்டி முதலாளியின் காரை நுழைத்தவன் அவன்தான். ஞாயிறு லீவு. இன்று காலை வந்து பார்த்தால், வெள்ளைக் கதவில் நீளமாய் ஒரு நீலக் கீறல்!

ஓட்டமாய் வந்து, பாலிஷ் மெஷினில் பேடை மாட்டித் தேய்த்தான். “மாதாவே, காப்பாத்து” என்று முனகிக்கொண்டே தேய்த்தான். கீறல் கரைந்தது. பேடையும் குழாயடியில் அலசினான். நீலம் சாக்கடையில் ஓடி மறைந்தது.

மூச்சு விடுவதற்குள் முதலாளி பெர்னார்ட் ஒரு போலீஸ்காரரோடு வந்தார்.

“சூசை, ஆள் சிக்கிடுவான்! நேத்து பூசை முடிஞ்சு வந்த உன் மனைவிய இடிச்சுட்டு ஓடினானே, அவன் சர்ச் வாசல்ல நான் நிறுத்தியிருந்த நம்ம காரையும் உரசிட்டுப் போயிருக்கான். காலையிலதான் பார்த்தேன். அவன் கார் பெயிண்ட் அப்படியே கதவுல ஒட்டியிருக்கு. அது ஒண்ணுதான் சாட்சி. சாருக்குக் காட்டு.”

சூசைராஜ் கதவைப் பார்த்தான். அதில் அவன் முகம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.