கேட்டால் மட்டும்

"உங்ககிட்ட இருக்கிற அறுபது ஷேருக்கும் ரெண்டு மடங்கு விலை தர்றாங்க டீச்சர்," என்றான் கால் சென்டர்காரன்.

ஒரு சின்ன செயலிக் கம்பெனியை, அதன் நிர்வாகம் மறுத்தும், பெரிய கம்பெனி ஒன்று வளைத்துப்போடப் பார்த்தது. பங்குதாரர்களிடம் பேசிச் சம்மதம் வாங்குவது அவன் வேலை.

"நல்ல விலைதான். வித்துடறேன்," என்றார் ஓய்வுபெற்ற டீச்சர்.

"சரிங்க. வேற ஏதாவது கேக்கணுமா?"

"இல்லப்பா."

"அவசரமே இல்ல. யோசிச்சுக் கேளுங்க."

"வாங்கிட்டு அந்தச் செயலிய என்ன செய்வாங்க?"

"நிறுத்திடுவாங்க டீச்சர்."

"அதை நம்பித்தான் என் பழைய ஸ்டூடன்ட் ஒருத்தி காலேஜ்ல படிக்கிறா. நான் விக்கலப்பா."

சூப்பர்வைசர் வந்து நின்றாள். "காலையிலேர்ந்து பதினோரு பேர் மாட்டேன்னுட்டாங்க. அப்படி என்னதான் சொல்றே?"

"நீங்க அனுப்பின பதிலைத்தான் மேடம். கேட்டா மட்டும் சொல்லச் சொன்னீங்க. கேட்டாங்க, சொன்னேன்."

அவள் முணுமுணுத்தபடி நகர்ந்தாள்.

அவன் மேஜைமேல் மடித்து வைத்திருந்த வெள்ளைக்கோலைத் தடவிப் பார்த்து ஓரமாக நகர்த்தினான். திரையில் இருந்த அடுத்த பெயரையும் எண்ணையும் அவன் காதுக்குள் படித்துச் சொன்னது அதே செயலி.

"வணக்கம் சார். என்ன சந்தேகம் இருந்தாலும் தாராளமா கேளுங்க."