பூட் ஆகாத காலை

"யாரைக் கேட்டு அப்டேட் போட்டே?"

டாக்டர் பில்யானா போட்ட சத்தம், திறந்திருந்த சர்வர் அறைக் கதவைத் தாண்டி வராந்தா முழுக்கக் கேட்டது.

கறுப்புத் திரையில் நாலைந்து வரி வெள்ளை எழுத்து. அதற்கு மேல் நகரவில்லை. மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் பிளாமென் கீபோர்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

"பாதுகாப்பு அப்டேட், டாக்டர். போட்டுத்தான் ஆகணும்."

"போட்ட லட்சணம்தான் தெரியுதே!"

டான்யூப் ஆற்றின் கரையில் இருந்த அந்தச் சின்னப் புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்வீச்சு மெஷின் ஒன்றே ஒன்றுதான். யாருக்கு, எந்த இடத்தில், எவ்வளவு கதிர் என்பதெல்லாம் இந்த சர்வருக்குள். இது எழுந்திருக்காமல் யாரையும் அங்கே படுக்க வைக்க முடியாது.

வராந்தாவில் பெஞ்சு நிறைந்துவிட்டது. மில்கா அம்மாளுக்கு இன்றோடு சிகிச்சை முடிகிறது. எல்லோருக்கும் கொடுக்க, சீஸ் வைத்த பனிட்சா ரொட்டி சுட்டு எடுத்து வந்திருந்தாள். தட்டு மூடியபடியே மடியில் இருந்தது.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு. என்னதான் ஆச்சு?"

"ஒரே விஷயத்தை ரெண்டு டிஸ்க்ல எழுதி வெச்சிருக்கோம். அப்டேட் அரைகுறையா நின்னுருக்கு. புது கெர்னலுக்கு, அதான் சர்வரை எழுப்பற புரோகிராமுக்கு, அந்த ரெண்டையும் சேர்த்துத் திறக்கத் தெரியலை."

"அப்போ பழசையே போடேன்!"

"அதையும் பார்த்துட்டேன். பழைய கெர்னல் வருது. ஆனா டிஸ்க் ரெண்டும் ஒத்துப்போகலை. ஒண்ணு பின்தங்கிடுச்சு. அவசரப்பட்டுத் தப்பா சேர்த்தா, பழைய பதிவு ஏறிப் புதுசை அழிச்சிடும்."

டாக்டர் திரையை நெருங்கி வந்தாள். நேற்றுதான் சிலருக்குக் கதிர் அளவைக் குறைத்திருந்தாள். அது அழிந்து பழைய அளவு வந்தால்?

வாசலில் பெரியவர் ஸ்தமாத் தலையை நீட்டினார். கழுத்தில் சிகிச்சைக்காக வரைந்த நீல மைக் கோடு.

"ஏம்பா, நல்லா ஓடிட்டிருந்த வண்டியை எதுக்குப்பா பிரிச்சுப் போட்டே?"

யாரும் சிரிக்கவில்லை.

பிளாமென் எந்த டிஸ்கில் கடைசியாக எழுதியிருக்கிறது என்று பார்த்தான். நம்பாமல் மறுபடி பார்த்தான். பின்தங்கியதைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். மற்றதை மட்டும் வைத்துக்கொண்டு என்டர் தட்டினான்.

திரை இருண்டது.

எழுத்துகள் ஓடின. நிற்காமல் ஓடின. நோயாளிகளின் பெயர்கள் வந்து நின்றன. டாக்டர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். நேற்று மாற்றிய அளவுகள் அப்படியே இருந்தன.

வராந்தாவில் கைதட்டல். ஆனால் டாக்டருக்கு ஆத்திரம் தணியவில்லை. அவனை வெளியே கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் நிறுத்தினாள்.

"பயந்து போய் உட்கார்ந்திருக்காங்களே, இவங்களுக்குப் பதில் சொல்லு. யாரோட தப்பு இது?"

பிளாமென் ஒரு கணம் அவளையே பார்த்தான்.

"என் தப்புதான். எல்லாரும் மன்னிச்சிடுங்க."

"மன்னிப்பெல்லாம் போதாது. நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

"நல்லா வேணும்" என்றார் ஸ்தமாத்.

பிளாமென் உள்ளே போய்ப் பையை எடுத்தான். பின்னாலேயே வந்த டாக்டரிடம், "கதவைக் கொஞ்சம் சாத்துங்க" என்றான்.

"எதுக்கு, கெஞ்சறதுக்கா?"

"இல்லை டாக்டர். நேத்து சாயங்காலம் அப்டேட் ஓடிட்டிருக்கும்போதே யாரோ சர்வர் பிளக்கைப் பிடுங்கியிருக்காங்க. அதான் அரைகுறையா நின்னுது. இனிமே இந்தச் சுவர்ல இருக்கற பிளக் வரிசையில மட்டும் கை வைக்காதீங்க."

டாக்டர் சுவரைப் பார்த்தாள். நேற்று குளிரில் ஸ்தமாத் நடுங்குகிறாரே என்று இந்த அறையிலிருந்து வராந்தாவுக்கு ஹீட்டர் ஒயர் இழுத்தது, இடமில்லாமல் ஏதோ ஒரு பிளக்கைப் பிடுங்கியது, போகும்போது மறக்காமல் திரும்பச் செருகியது. எல்லாம் அவள் கைதான்.

குரல் இறங்கிவிட்டது. "தெரிஞ்சும்... அங்கே ஏன் உன் தப்புன்னு சொன்னே?"

வெளியே நர்ஸ் முதல் பெயரைக் கூப்பிட்டாள்.

"அவங்க அந்த மெஷினுக்குக் கீழே கண்ணை மூடிப் படுக்கறது என்னை நம்பி இல்லையே, டாக்டர்."