மாமா அவுட்!

"மாமா அவுட்! மறுபடியும் அவுட்!"

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டது. மூத்தவளுக்குச் சுருக்கென்றது.

அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். கூடத்து டிவியில், தம்பி வாங்கி வைத்திருந்த வீடியோ கேம் ஓடிக்கொண்டிருந்தது. சோபாவின் ஒரு கோடியில் அப்பா, கையில் கன்ட்ரோலரோடு அசடு வழிந்துகொண்டிருந்தார். மறுகோடியில் தம்பி மனைவி, அந்த வீட்டின் சின்னவள், சப்பணம் போட்டு உட்கார்ந்து, கைகொட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணி! உங்கப்பாவைக் காலையிலேர்ந்து துவைச்சுக் காயப்போட்டுட்டிருக்கேன்!"

மாமனார் என்று ஒரு மட்டு மரியாதை வேண்டாமா?

அது போகட்டும். இவள் வயிற்றில் இருந்தது அஞ்சாம் மாசத்தில் தங்காமல் போய் இன்னும் முழுசாக ரெண்டு மாசம்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் இவளைவிட மூத்தவள்தான் அதிகமாக அழுதாள். அதற்குள் இந்தக் கும்மாளமா?

உட்கார்ந்து பார்த்தாள்.

மேலேயிருந்து கலர் கலராக உருண்டைகள் ஜோடி ஜோடியாக விழுந்தன. ஒரே கலர் நாலு சேர்ந்தால் வெடித்தது. வெடித்ததும் எதிராளியின் கட்டத்தில் சாம்பல் கற்கள் கொட்டின. யார் கட்டம் நிரம்புகிறதோ அவர் அவுட்.

நிரம்பியதென்னவோ அப்பாவின் கட்டம்தான். சிவப்பைக் கொண்டுபோய் நீலத்தின் தலையில் வைத்தார். பச்சைக்குப் பக்கத்தில் மஞ்சளைப் போட்டார்.

"அய்யய்யோ, தப்பாப் போட்டுட்டேனே!"

"போட்டாச்சுல்ல? இந்தாங்க கல்லு, வாங்கிக்கோங்க! மாமா அவுட்!"

மூத்தவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, வயசான மனுஷன். ஒரே ஒரு ஆட்டம் விட்டுக்கொடுத்தா குறைஞ்சா போயிடுவே? எல்லாத்தையும் இவ்வளவு சீக்கிரம் மறந்துட்டுச் சிரிக்க உன்னாலதான் முடியும்."

சின்னவளின் முகம் அணைந்துபோயிற்று. கன்ட்ரோலரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"டீ போட்டுட்டு வரேன் அண்ணி."

அவள் உள்ளே போனதும் அப்பா கேட்டார்.

"ஏம்மா இப்படிப் பேசிட்டே?"

"பின்னே என்னப்பா? பார்க்கவே வயிறு எரியுது. வாங்க, நாம ரெண்டு பேரும் ஆடலாம். பயப்படாதீங்க, நான் உங்களை ஜெயிக்க வைக்கிறேன்."

அப்பா ஒருமுறை சமையலறைப் பக்கம் பார்த்தார். டிவி சத்தத்தைக் குறைத்தார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

ஆட்டம் தொடங்கியது. மூத்தவள் எந்தப் பொத்தான் எதற்கு என்று தடவிக்கொண்டிருக்கும்போதே அப்பாவின் பக்கம் நாலு நீலம் வெடித்தது. அது சரிந்து சிவப்பு வெடித்தது. சிவப்பு சரிந்து பச்சை. பச்சை சரிந்து மஞ்சள். மூத்தவளின் கட்டத்தில் ஒரு கல்குவாரியே வந்து இறங்கியது.

"அப்பா!"

"ஆயுசு பூரா துறைமுகத்துல கிரேன் ஓட்டினவன்மா நான். கலர் கலரா பெட்டி அடுக்கியே தலை நரைச்சுது. இது எனக்கு ஒரு ஆட்டமா?"

"அப்புறம் எதுக்கு அவகிட்ட மட்டும் தோத்துத் தோத்து..."

அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தவ ரூமை விட்டு வெளியே வரல. ஒரு வார்த்தை பேசல. உன் தம்பி கெஞ்சிப் பார்த்தான், அழுதும் பார்த்தான். ஒருநாள் தண்ணி குடிக்க வந்தா. நான் பொழுது போகாம இதை ஆடிட்டிருந்தேன். கண்ணாடி போடல, எதையோ எங்கேயோ வச்சுத் தொலைச்சேன். 'மாமா, அங்க இல்ல, இங்க'ன்னா. வீட்டுக்கு வந்து அவ பேசின முதல் பேச்சு அதுதான். அன்னிலேர்ந்து தப்பாவே வச்சுட்டிருக்கேன்."

மூத்தவள் கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள். எழுந்து சமையலறைக்குப் போனாள். டீ பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. சின்னவள் அதைக்கூடப் பார்க்காமல் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். மூத்தவள் அடுப்பை அணைத்தாள்.

"என் வாய்ல பூட்டுதான் போடணும். மன்னிச்சுடும்மா. வா, இன்னொரு ஆட்டம் போடு. நான் உன் கட்சி."

சின்னவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கன்ட்ரோலரை எடுத்தாள்.

"மாமா, எனக்கு எல்லாம் கேட்டுது."

அப்பா திருதிருவென்று விழித்தார்.

"இனிமே தப்பா வைக்காதீங்க. நிஜமா ஆடுங்க. நான் தோத்தா தோத்துட்டுப் போறேன்."

"அழ மாட்டியே?"

"மாட்டேன்."

அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

உருண்டைகள் மழையாக இறங்கின. அப்பா அடுக்கினார், வெடிக்க வைத்தார். சின்னவளின் கட்டம் பாதிக்குமேல் சாம்பலானது. "விடாதே, விடாதே!" என்று மூத்தவள் சோபாவின் மேலேயே ஏறி நின்றுவிட்டாள். சின்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டு எதற்கோ காத்திருந்தாள். கடைசியில் ஒரு மஞ்சள் வந்தது. மூலையில் கொண்டுபோய்ச் செருகினாள்.

படபடவென்று அவள் கட்டம் முழுக்க வெடித்தது. அப்பாவின் தலையில் மலையே சரிந்தது.

"மாமா அவுட்!"

அவள் குதித்த குதியில் வீடே அதிர்ந்தது. மூத்தவள் அவளைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு அப்பாவின் காதருகே குனிந்தாள்.

"இதையும் விட்டுத்தானே கொடுத்தீங்க?"

அப்பாவின் கட்டைவிரல் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் முகத்தில் கோப்பை வாங்கியவரின் சிரிப்பு.

"சத்தியமா இல்லம்மா. உயிரைக் கொடுத்து ஆடினேன். நிஜமாவே தோத்துட்டேன்!"